பேறுகாலம் பார்க்கக் கிளம்பிய இஞ்ஞாசி

சூளைக்குள் எரிகிற நெருப்பின் நிறத்தைப் பார்த்தே எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவார் இஞ்ஞாசி. சூடு காட்ட மீட்டர் வந்த பிறகும், விருத்தாசலம் செராமிக் பேட்டையில் அவரை ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் சூளையை அணைப்பார்கள். பொம்மை, ஊறுகாய் ஜாடி, கரண்டு ஃபியூஸ் கட்டை என்று முப்பத்திரண்டு வருஷமாக அவர் வேகவைத்து எடுத்தது எவ்வளவோ. அவ்வளவு அனலுக்கு முன்னால் நின்ற மனுஷன், ஒரு ஜன்னலுக்கு முன்னால் நின்று உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டார்.

ஜங்ஷன் ரோட்டில் அப்போது நான் ஜெராக்ஸ், டைப்பிங், இன்டர்நெட் மூன்றும் சேர்ந்த ஒரு கடை வைத்திருந்தேன். வாரத்துக்கு ஒருநாள் அவர் வருவார். அமெரிக்காவில் இருக்கும் மகள் ரீட்டாவோடு கம்ப்யூட்டரில் பேசுவார். ரீட்டா என்னை அத்தை என்பாள். "பானுமதி, காத்தாடியக் கொஞ்சம் நிறுத்தும்மா, புள்ள பேசறது காதுல வுழல" என்று ஜூன் மாச வெயிலில் என் கடையில் அத்தனை பேரையும் வேர்க்க வைத்துவிடுவார்.

ரீட்டாவுக்குப் பதினோரு வயது இருக்கும்போது அவள் அம்மா அன்னமேரி காமாலையில் போய்விட்டாள். இஞ்ஞாசி மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலை ஷிப்டுக்குப் போகும் முன் மகளுக்குத் தலை பின்னிவிடுவார். இழுத்த இழுப்பில் அந்தப் பெண்ணுக்குக் கண் இரண்டும் மேலே ஏறி நிற்கும், பள்ளிக்கூடமே சிரிக்கும். அப்படி வளர்ந்த பெண்தான் படித்து, ஆன்றோவைக் கட்டிக்கொண்டு, அமெரிக்கா போய், 2006ஆம் வருஷம் முழுகாமல் இருந்தாள். செப்டம்பர் பத்தாம் தேதி என்று டாக்டர் நாள் குறித்திருந்தார்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். ரீட்டாவுக்குத் தாயும் இல்லை, விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் உத்தரவு வேறு. ஆன்றோவின் அம்மாவோ இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கை. "நீங்க வாங்கப்பா, எனக்கு வேற யாரு இருக்கா?" என்று அழுதாள். இஞ்ஞாசி அன்றைக்கே தீர்மானித்துவிட்டார்.

தீர்மானித்தவர் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டு அமிர்தம்மாவிடம் போய் உட்கார்ந்து பூண்டுக் குழம்பு, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் லேகியம் எல்லாம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். குழந்தையைக் குளிப்பாட்டப் பழக வேண்டுமே? கிறிஸ்துமஸ் குடிலுக்கு வார்த்திருந்த குழந்தை ஏசு சுரூபத்தில் ஒன்றை எடுத்துவந்து, கால் இரண்டையும் நீட்டி, அதன்மேல் குப்புறப் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பழகினார். "தலைய வுடாதீங்கண்ணே, கழுத்து நிக்காது" என்று அமிர்தம் கத்த, இவர் பயபக்தியோடு ஏசுவுக்கு முதுகு தேய்த்துவிட்டார். நான் கண்ணால் பார்த்தேன், அதனால் நம்பலாம்.

இது பேட்டைக்குத் தெரிந்துபோனதுதான் கெடுதலாகிவிட்டது. உடன் வேலை பார்த்த நடராசன் டீக்கடையில் நாலு பேர் முன்னால், "வாங்க மருத்துவச்சி! பேறுகாலத்துக்குக் கைராசி எப்பிடி?" என்று கேட்டிருக்கிறான். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இவரும் சிரித்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் அந்தச் சொல் முள் மாதிரி உள்ளே தைத்துக்கொண்டது.

டூரிஸ்ட் விசாவுக்கு விண்ணப்பம் நிரப்பியது நான்தான். வரும் காரணம் என்ற இடத்தில் 'மகளின் பிரசவத்துக்கு உதவ' என்று அடித்தேன். "அதெல்லாம் எதுக்கும்மா, மகளப் பாக்கன்னு போடு, போதும்" என்றார். மாற்றினேன். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஜூலை கடைசியில் விசா இன்டர்வியூவுக்குச் சென்னை அமெரிக்கத் தூதரகத்துக்குப் போனார். திரும்பி வந்தவர் கையில் பாஸ்போர்ட்டும் ஒரு கலர் காகிதமும் இருந்தன. இன்னும் விவரம் வேண்டும், கூடுதல் பரிசீலனை முடிந்த பிறகுதான் முடிவு என்று அதில் போட்டிருந்தது. கேட்டிருந்த விவரங்களைப் படித்ததும் எனக்குத் தலை சுற்றியது. என்ன வேலை, என்னென்ன பொருள் தயாரிப்பு, யாருக்கெல்லாம் சப்ளை, அமெரிக்காவில் எந்தெந்தத் தொழிற்சாலைக்குப் போகப் போகிறீர்கள்?

"தொழிற்சாலையா? ஏண்ணே, அங்க போயி என்னா சொன்னீங்க?"

முதலில் மழுப்பினார். அப்புறம் மெல்ல அவிழ்த்தார். ஜன்னலில் வெள்ளைக்காரர், பக்கத்தில் தமிழ் சொல்ல ஒரு சின்னப் பெண், பின்னால் கோட்டுப் போட்டவர்கள் வரிசை. எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டதும் நடராசனின் சிரிப்புதான் ஞாபகம் வந்ததாம். அந்தப் பெண் முன்னால் எப்படிச் சொல்வது? "அங்க செராமிக் கம்பெனிங்கள்ல சூளை எப்பிடி போடறாங்கன்னு பாக்கணும்" என்று சொல்லிவிட்டார். அந்த ஆள் நிமிர்ந்து உட்கார்ந்து, உங்கள் தொழில் என்ன என்று கேட்க, இவருக்கு உற்சாகம் பொத்துக்கொண்டது. ஆயிரத்து முந்நூறு டிகிரி. அதற்கு மேலும் ஏற்றத் தெரியும். "எங்க சரக்கு மிலிட்டரிக்கே போவுதுங்க."

மிலிட்டரிக்குப் போனது, ராணுவக் குடியிருப்பில் மாட்டிய ஃபியூஸ் கட்டை. அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். ஏதோ ஆயுத ரகசியம் தேடி வருகிற ஆள் என்று அவர்கள் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது மழையைக் கண்ட சந்தோஷத்தில் கத்தும். இவர் எதைக் கண்டு கத்தினார்? எனக்கு வந்த கோபத்தில், "நெசத்தச் சொல்லி ஒரு லெட்டர் எழுதுங்க. எம்மவளுக்குப் பேறுகாலம் பாக்கப் போறேன், வெக்கத்துல மாத்திச் சொல்லிட்டேன்னு எழுதுங்க" என்றேன்.

"ஆம்பள அப்பிடி எழுதிக் கையெழுத்துப் போட்டா, அத நாலு ஆபீஸருங்க படிப்பாங்களேம்மா" என்றார். கேட்ட விவரத்தை மட்டும் எழுதி அனுப்பினால் போதுமாம். ஃபியூஸ் கட்டை, ஜாடி, பொம்மை என்று மூன்று பக்கம் அனுப்பினோம். ரீட்டாவிடம் "ஏதோ பேப்பர் கேக்கறாங்க, வந்துடும்" என்று சொல்லிவைத்தார்.

அப்புறம் காத்திருந்தோம். திங்கட்கிழமை தோறும் நான் ஒரு மெயில் அனுப்புவேன். 'தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே பதில் வரும், ஒரு எழுத்து மாறாது. பதிலே வராமல் இருந்தால்கூடத் திட்டித் தீர்த்துவிடலாம், இந்த மரியாதையை என்ன செய்வது? மங்கலம்பேட்டையிலிருந்து ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள், துபாய் விசா என்றால் ஏஜெண்டு சட்டையைப் பிடிக்கலாம், இதில் யார் சட்டையைப் பிடிப்பது என்று பரிதாபப்பட்டார்கள். இஞ்ஞாசி மட்டும் யாரையும் குறை சொல்லவில்லை. சொல்ல முடியாதே. கம்ப்யூட்டர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பதிலை நான் படித்துச் சொன்னதும், "சரிம்மா" என்று எழுந்து போவார்.

செப்டம்பர் பத்து என்று சொன்ன குழந்தை மூன்றாம் தேதியே பிறந்துவிட்டது. பெண். பாட்டியின் பெயரையே ஆன் மேரி என்று வைத்தார்கள். ஒன்பதாம் நாள் ரீட்டா கம்ப்யூட்டரில் வந்தாள். முகம் வெளுத்து, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. ஆன்றோவுக்கு லீவு முடிந்துவிட்டதாம். பிள்ளையைத் தூக்கவே பயமாக இருக்கிறது என்றாள். "ஏம்பா உங்களுக்கு மட்டும் இப்பிடி லேட்டாவுது? எங்க கூட வேல பாக்கறவங்க அம்மா அப்பா எல்லாம் ஒரே நாள்ல வாங்கிட்டு வந்துட்டாங்களே?"

இஞ்ஞாசி என்னைப் பார்த்தார். நீங்களே சொல்லுங்கள் என்று நான் கம்ப்யூட்டரைக் காட்டினேன். அவரே சொன்னார். சூளை, தொழிற்சாலை, மிலிட்டரி, ஒன்று விடாமல் சொன்னார்.

லைன் போய்விட்டதோ என்று நான் வயரை ஆட்டிப் பார்த்தேன்.

"என்னப் பாக்க வரேன்னு சொல்ல உங்களுக்கு வெக்கமா இருந்துச்சாப்பா?"

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார். தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி, மெதுவாகக் கேட்டாள். இஞ்ஞாசி என் கடையில், ஜெராக்ஸுக்கு நின்ற காலேஜ் பிள்ளைகள் முன்னால், முகத்தைத் துண்டில் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அவரை நினைத்து அல்ல, அந்தப் பெண்ணை நினைத்து.

மறுநாள் காலையில் நான் கடை திறக்கும்போதே வந்து நின்றார். "எழுதும்மா" என்றார். வரிசையில் ஆள் நின்றது. அவர் குரலைத் தணிக்கவில்லை. அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் அடித்தேன்.

"ஐயா, எம்மவளுக்கு அம்மா இல்ல. பதினோரு வயசுலேருந்து நாந்தான் தலை பின்னி வுட்டேன். வயசுக்கு வந்தப்பவும் எங்கிட்டதான் வந்து சொல்லிச்சு. இப்போ புள்ள பெத்துருக்குது. பத்தியம் சமைக்கவும் கொழந்தயக் குளிப்பாட்டவும் நான் போவணும். அது பொம்பள வேலைன்னு வெக்கப்பட்டு, கம்பெனி பாக்கப் போறேன்னு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். எனக்கு எந்தக் கம்பெனியும் பாக்க வேணாம். தப்பு என்னுது."

கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கடிதத்தால்தான் வேலை நடந்ததா, இல்லை அங்கே உருள வேண்டிய காகிதம் அதுபாட்டுக்கு உருண்டு முடிந்ததா, எனக்குத் தெரியாது. ஒரு காகிதம் எந்த மேசையில் எத்தனை நாள் படுத்திருக்கும் என்று யாரும் சொல்லப் போவதில்லை. அக்டோபர் போனது, வெள்ளாற்றில் தண்ணீர் வந்தது, கிறிஸ்துமஸ் போனது. எல்லாத் திங்கட்கிழமையும் பரிசீலனையில்தான் இருந்தோம். ஜனவரி கடைசியில், பாஸ்போர்ட்டை அனுப்புங்கள் என்று மெயில் வந்தது. பிப்ரவரியில் கிளம்பினார். பேட்டையே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது. நடராசன்தான் பெட்டியைத் தூக்கி மேலே வைத்தான்.

போன பத்தாம் நாள் ரீட்டா என்னைக் கூப்பிட்டாள்.

"அத்த, அப்பா தூக்குனாலே பாப்பா வீல்வீல்னு கத்துது. அஞ்சு மாசமாவுது இல்ல, மொகம் பாக்க ஆரம்பிச்சிடுச்சு. புது ஆளுன்னு பயப்படுது. பொறந்தப்பவே வந்திருந்தா இப்பிடி அழாது."

"எறக்கி வுட்டுடச் சொல்லேம்மா. கொஞ்சநாள் பழகட்டும்."

"சொல்லிட்டேன் அத்த. கேக்க மாட்டேங்கறாங்க. 'நான் பண்ண வேலைக்கு அது அழுவாம என்னா பண்ணும், அழுவட்டும்'னு சொல்லி, தோள்லயே போட்டுக்கிட்டு ஹாலுக்கும் ரூமுக்குமா நடந்துக்கிட்டே இருக்காங்க."

போனில் எனக்கும் அந்த அழுகை கேட்டது.