தொட்ட யானை

திருமுல்லைவாயிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த செஸ் போட்டியில் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர். அந்தப் புழுக்கத்திலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டிருந்தார். செஸ்தான் அவருக்குப் பிழைப்பு. எனக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு.

கோணலாக நிற்கும் காய் அவர் கண்ணை உறுத்தும் போலிருக்கிறது. "அட்ஜஸ்ட்" என்று முணுமுணுத்துவிட்டு நேராக்கிக்கொண்டே இருந்தார். அப்படிச் சொல்லாமல் தொட்டால் அந்தக் காயைத்தான் நகர்த்த வேண்டும் என்பது விதி.

நான் தோற்கப்போகிற நேரம். அவர் தன் யானையைத் தொட்டு நேராக்கினார், சொல்ல மறந்துவிட்டார். அந்த யானை நகர்ந்தால் அதன் பின்னாலிருக்கும் ராணி போய்விடும். அதை நகர்த்தச் சொல்லிக் கேட்காமல், பார்க்காததுபோல் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு யானையை நகர்த்தினார். தோற்றார்.

வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், ஏன் கேக்கல?"

"நான் கவனிக்கலைங்க."

"சும்மா சொல்லாத சார். மூடியத் தொறக்காமலே தண்ணி குடிச்ச. பாவம் பாத்தியா? கரையான்சாவடிலேர்ந்து ரெண்டு பஸ் மாறி இதுக்கா வந்துகீறேன்? உன் ஆபீஸ்ல நீ தப்பு பண்ணா, பாவம்னு உட்ருவானா?"

நல்லது செய்யப்போய்த் திட்டு வாங்கிய எரிச்சல் எனக்கு. அடுத்த சுற்றில் அவர் மேசையை எட்டிப் பார்த்தேன். எதிராளி இன்னும் வந்திருக்கவில்லை. காலி நாற்காலியைப் பார்த்து, மண்டபத்துக்கே கேட்கும்படி "அட்ஜஸ்ட்" என்று சொல்லிவிட்டு, குதிரையை நேராக்கினார்.