ரெண்டு இஞ்ச் குறைந்த சமையலறை அலமாரி

புது பிளைவுட்டை அறுக்கும்போது ஒரு வாசனை வரும். கொஞ்சம் பசை, கொஞ்சம் கருகல்... எங்கே அந்த வாசனை வந்தாலும் எனக்கு எங்கள் நாரணாபுரத்து வீட்டுச் சமையலறைதான் ஞாபகம் வருகிறது.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. எனக்கு முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. இனிமேல் குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். என் சமையலறையில் அரிசி டின், பருப்பு டப்பா, குண்டான், இட்லிச் சட்டி எல்லாமே தரையில். குனியாமல் ஒரு காபி கூடப் போட முடியாது.

என் வீட்டுக்காரர் அப்போது பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் பிரிவில் போர்மேன். தீபாவளி முடிந்து கம்பெனி லீவு விட்டிருந்த நேரம்.

"நானே அலமாரி செஞ்சு தாரேன் செல்வி. நீ நின்னுக்கிட்டே எல்லாத்தையும் எடுக்கலாம்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் ஒரு ஆணி அடித்துக்கூட நான் பார்த்ததில்லை. அவர் வேலை செய்யும் ரூமுக்குள் இரும்புக்கே அனுமதி கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு, உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்க வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உரசல் ஆகாது, பொறி ஆகாது. அதற்கு முந்தின வருஷம் பக்கத்து ஷெட்டில் நடந்த விபத்தை நேரில் பார்த்த மனுஷன் வேறு. அதன்பிறகு வீட்டில் தீப்பெட்டியைக்கூடத் தொடமாட்டார்.

நான் பைண்டிங் வேலை பார்த்த பிரஸ்ஸில் அந்தச் சமயம் தச்சு வேலை பற்றி ஒரு புத்தகம் அச்சில் ஓடிக்கொண்டிருந்தது. கலர் சேராமல் கழித்த வேஸ்ட் ஷீட்டுகளைக் கேட்டு வாங்கி வந்து கொடுத்தேன். நடுவில் பதினாறு பக்கம் கிடைக்கவில்லை. கிடைத்ததை மனுஷன் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தார். பிறகு விருதுநகர் போய் கையில் பிடித்து அறுக்கிற கட்டிங் மெஷின் ஒன்று, டிரில் ஒன்று, மூலைமட்டம், நாலு கிளாம்ப் வாங்கி வந்தார். அவ்வளவுதான் எங்கள் பட்டறை.

முதல் நாள்... சுவிட்சை அழுத்தினார். மெஷின் ஓட்டை வழியாக உள்ளே நீலமாகப் பொறி தெரிந்தது. உடனே நிறுத்திவிட்டு, மெஷினைப் பூப்போல கீழே வைத்துவிட்டு, வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

"உள்ள பொறி பறக்குது செல்வி, பாத்தியா?"

"பாத்தேன். இது பலகைங்க, மருந்து இல்ல."

"அது எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியலையே."

அன்றைக்கு ஐந்து தடவை வெளியே போனார். ஐந்து தடவையும் திரும்பி வந்தார்.

ஒரு வாரம் வெறும் துண்டுப் பலகையை அறுத்தே பழகினார். நேரான சட்டம் ஒன்றைப் பலகையில் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதை ஒட்டி மெஷினைத் தள்ளினால் கோடு பிசகாது என்று கண்டுபிடித்தார். அலமாரியை நாலு பெட்டியாகச் செய்தார்; ஒவ்வொரு பெட்டியும் முடிந்ததும் மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடிப்பார். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் பெட்டி சதுரம். ஒரு நூல் வித்தியாசம் என்றாலும் பிரித்துவிடுவார். மருந்தை எடை போட்டுப் பழகின கண் அல்லவா... நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாலு பெட்டி சுவரோரம் நின்றது. கதவு மாட்டுவதுதான் பாக்கி. அன்று பார்த்தால் ஒரு கதவும் சேரவில்லை. எல்லாப் பெட்டிக்கும் அடிப்பக்கம் டீயில் முக்கின ரஸ்க் மாதிரி உப்பிக் கிடந்தது.

எப்படி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மருந்து ரூமில் கீழே சிந்தினால் தண்ணீர் தெளித்துத் துடைப்பார்கள். இவரும் தினமும் வேலை முடிந்ததும் மரத்தூள் மேல் வாளித் தண்ணீரைத் தெளித்து, ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். நானும் எவ்வளவு சுத்தம் என்று மெச்சிக்கொண்டிருந்தேன்! பலகை அம்புட்டுத் தண்ணீரையும் குடித்துவிட்டது. ஈரத்தைப் பற்றின பக்கம் எங்களுக்குக் கிடைக்காத அந்தப் பதினாறில் இருந்ததோ என்னவோ.

"வீடு என்ன மருந்து ரூமா? என்ன செஞ்சு வச்சிருக்கீக பாருங்க!" என்று கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது.

அவர் உப்பின ஓரங்களை டேப் வைத்து அளந்தார். பிறகு, "கம்பெனி தொறக்க இன்னும் நாலு நாளுதான் இருக்கு. இப்ப விட்டா அடுத்த தீவாளி வரைக்கும் நீ குனிஞ்சுதான் கெடக்கணும்" என்றார்.

மறுநாள் காலையில் நாலு பெட்டியையும் பிரித்தார். உப்பின பாகத்தை, எல்லாப் பலகையிலும் சரியாக ரெண்டு இஞ்ச், அறுத்து எறிந்தார். வெட்டின ஓரங்களுக்கெல்லாம் பெயிண்ட் அடித்தார். குறைந்த உயரத்துக்கு ஈடாகக் கீழே கடப்பாக்கல் வரிசை கட்டி, மறுபடி சேர்த்த பெட்டிகளை அதன்மேல் ஏற்றி, கதவுகளையும் அளவுக்கு அறுத்து மாட்டினார். இனி தரையில் எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் பலகைக்கு எட்டாது. அறுத்து முடிக்கும்வரை மெஷின் ஓய்வதும் ஓடுவதுமாக இருந்தது... ஒரு தடவைகூட அவர் வேப்பமரத்துக்குப் போகவில்லை. இவர்தானா அவர் என்று நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கம்பெனி திறப்பதற்கு முந்தின நாள், பருப்புக்கென்று அலமாரியில் அவர் செய்து வைத்திருந்த இழுப்பறையை ஒற்றை விரலால் இழுத்தேன். சத்தமே இல்லாமல் வந்தது. நின்றபடியே பருப்பு எடுத்து, நின்றபடியே சாம்பார் வைத்தேன்.

இப்போது மகள் வீட்டில் மாடுலர் கிச்சன். காலையில் வேன் வந்தது, சாயங்காலத்துக்குள் மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இழுப்பறை தானாகவே மூடிக்கொள்கிறது. அழகுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் செய்தது யார் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

போன வாரம் அதைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது அவரிடம் கேட்டேன்.

"கடைசியில உங்களுக்கு எப்படிங்க பயம் போச்சு?"

"எங்க போச்சு? பயந்துக்கிட்டேதான் அறுத்தேன். நீ இடுப்பப் பிடிச்சுக்கிட்டுக் குனியுறதப் பாக்கத்தான் அதவிடப் பயமா இருந்துச்சு."

இத்தனை வருஷமாக இதை ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார் மனுஷன்.