தம் கட்டும் ரயில்

ஜும்மா முடிந்து வந்த கையோடு மாடியேறும் உபைதுல்லா, தொப்பியைக் கழற்றுகிறாரோ இல்லையோ, பழைய பனியன் துணியால் தண்டவாளத்தைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அறையை அடைத்துக் கிடக்கும் பலகையில் விரல் அகலத் தண்டவாளம். அதன்மேல் உள்ளங்கை நீளத்துக்கு ஓர் எஞ்சின், பின்னால் மூன்று பெட்டி. "ஒரு சிட்டிகை தூசி இருந்தா போதும், ராஜா அப்படியே நின்னுக்குவாரு," என்று எஞ்சினைக் காட்டிச் சொல்வார்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் இன்வெர்ட்டர் கடை அவருக்கு. கரண்ட் போனதும் பாயுடைய போன்தான் முதலில் அலறும். எள் என்றால் எண்ணெயாக வந்து நிற்பார். எவர் வீடும் இருட்டில் தவிக்கக் கூடாது என்று தொழில் பார்த்தவருக்குத் தன் ரயில் நடுவழியில் முக்கி முனகி நிற்பதைப் பொறுக்க முடியவில்லை.

முதலில், பலகையின் அந்தக் கோடிக்குப் போனதும் எஞ்சின் நத்தையாக ஊர்ந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தார். இங்கே பன்னிரண்டு வோல்ட், அங்கே பத்துகூட இல்லை. "தென்னேரி ஏரித் தண்ணி கடைமடைக்குப் போறதுக்குள்ள வத்திப்பூடுது இல்ல, அது மாதிரிதான் கீது," என்று சொல்லிக்கொண்டே, பலகைக்கு அடியில் தடித்த ஒயர் ஓட்டி, அங்கங்கே தண்டவாளத்தோடு பற்றவைத்தார்.

தண்டவாளம் பிரியும் இடத்தில் வேறு தொல்லை. அங்கே ஒரு சிறு துண்டில் கரண்ட் கிடையாது. சக்கரம் அதில் ஏறியதும் விளக்கு சிமிட்டும், எஞ்சின் நின்றுவிடும். அதற்காக எஞ்சினுக்குள் கெப்பாசிட்டர் ஒன்றைப் பொருத்தினார். ஓடும்போதே கொஞ்சம் கரண்ட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கிடைக்காத இடத்தில் அது கொடுக்கும். உபைதுல்லா அதற்கு வைத்த பெயர் 'தம்'. "தம் கட்டிக்கினு தாண்டிடும் பாரு!"

இத்தனை பாடும் வாலாஜாபாத் வழியாக அரக்கோணம் போன பழைய மீட்டர்கேஜ் ரயிலின் நினைவுக்காகத்தான். சின்ன வயதில் பெருநாளுக்கு மாமா வீட்டுக்கு அதில்தான் போவார்கள். ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டும் தம்பியின் நிஜார் வாரை அரக்கோணம்வரை விடாமல் பிடித்துக்கொண்டு வருவார் அக்கா நசீரா. கண்ணில் கரி விழுந்தால் தாவணி முனையைச் சுருட்டி, வாயால் ஊதி, இமையில் ஒத்துவார். அந்த இதமான சூட்டை உபைதுல்லா இன்னும் மறக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை நசீரா வந்தார். மகனோடு கனடாவில் இருக்கப் போகிறார், மறுநாள் விமானம். இந்த வயதில் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று இருவருக்கும் தெரியும். அவரை அழைத்துப்போகக் காத்திருந்த கார் கீழே ஹாரன் அடித்தது.

"இன்னாடா, இந்த வயசுலயும் ரயில் வுட்டுக்கினு கீறே! சரி, ஒரு சுத்து வரட்டும், பாத்துட்டுக் கெளம்பறேன்," என்று முக்காட்டைச் சரிசெய்தபடி நின்றார் நசீரா.

ரயில் கிளம்பியது. கோடியில் வேகம் குறையவில்லை. பிரியும் இடத்தில் விளக்குகூடச் சிமிட்டவில்லை. "அட, நிக்காமப் போவுதே!" என்றார் அக்கா, வாயாற. வருஷக்கணக்காகப் பாடுபட்டது இந்தச் சொல்லைக் கேட்கத்தான். சுற்று முடிய ஒரு வளைவுதான் பாக்கி.

உபைதுல்லா பலகைக்கு அடியில் கையை விட்டு மெயின் ஒயரை உருவினார். எஞ்சின் தன்னிடமிருந்த தம்மில் ஒரு சாண் ஓடி நின்றது.

"இன்னாடா ஆச்சு?"

"கரண்ட் பேஜார் பண்ணுதுக்கா. சரியாவக் கொஞ்ச நேரம் புடிக்கும், குந்து," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.