நாற்பது நாளில் நடப்பார் என்றேன்

எழுபதுகளின் தொடக்கத்தில் வீடு வீடாகப் போய் எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவதுதான் என் பிழைப்பு. அப்போது எனக்கிருந்த ஒரே வாடிக்கை வீடு, தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீடு. பக்கவாதத்தில் அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன.

மூன்று மாதம் தேய்த்தும் கால் அசையவில்லை. "தம்பி, இவுக நடப்பாகளா? இல்லன்னா திருநெல்வேலிக்கே கூட்டிட்டுப் போயிரலாம்னு பாக்கேன்," என்றார் அவர் மனைவி. அவர்கள் போய்விட்டால் என் வீட்டில் அடுப்பு எரியாது. "நாப்பது நாள்ல நடந்துடுவாரும்மா," என்று கடைக்காரர் காதுபடவே சொன்னேன்.

அவர் நாள் எண்ணியிருக்கிறார். நாற்பதாம் நாள் காலை நான் போனபோது கட்டிலுக்குக் கீழே கிடந்தார். வீட்டார் அசந்த நேரத்தில் தனியாக எழுந்து பார்த்திருக்கிறார். நன்றாக இருந்த காலின் தொடை எலும்பும் முறிந்துவிட்டது. அந்த வலியிலும் என்னைப் பார்த்து, "ஒரு நிமிசம் நின்னேன் தம்பி," என்று குழறினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த அம்மாவிடம், "நான் சொன்னது பொய்ம்மா. வேலை போய்டும்னு சொல்லிட்டேன்," என்றேன். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"எனக்குந் தெரியும் தம்பி. நீங்க சொன்ன அன்னைக்குத்தான் அவுக மொகம் தெளிஞ்சுது. அதான் நானும் சும்மா இருந்துட்டேன்," என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

கடைக்காரர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. இப்போது யாராவது, "நடப்பாரா?" என்று கேட்டால், தெரியாது என்றுதான் சொல்கிறேன். அதற்காகவே என்னை வேண்டாம் என்ற வீடுகள் உண்டு. ஆனாலும் கேட்பவர் முகம் வாடும்போது, அந்தப் பொய்யைச் சொல்லிவிடலாமா என்று எனக்கு இன்னமும் தோன்றத்தான் செய்கிறது.