கடலுக்குள் இருக்கும் அப்பப்பா

மே மாத வெயில் எட்டிப் பார்த்தால் போதும், இந்தான் அரிசி மாவையும் மஞ்சளையும் குழைத்து முகம் முழுக்கப் பூசிக்கொண்டுதான் டி-பான் ரயிலில் ஏறுவாள். கடல் வெயிலுக்கு அவள் ஊர்ப் பெண்கள் பூசுவது அது. முதன்முதலாகப் பார்த்த எங்கள் தங்கேஸ்வரி, "பாருங்கோ, எவ்வளவு பக்தி!" என்று உருகிப்போனாள். இந்தான் மறுக்கவில்லை. அந்த வருடக் கோயில் திருவிழாவில் அவளுக்கு மட்டும் இரண்டு தட்டுச் சர்க்கரைப் புக்கைப் பிரசாதம் கிடைத்தது.

ஒஸ்லோவில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் நாங்கள் மூவரும் படுக்கை விரிப்பு மடிக்கிறோம். "இந்தான்" என்று கூப்பிட்டால் எதையோ கொடுப்பது போலிருக்கும். அவளும் சளைக்காமல் கையை நீட்டுவாள். "கூப்பிட்டனீ, ஒண்டும் இல்லையோ?" மடிப்பு மேசையில் எங்களிடமிருந்து பொறுக்கிய தமிழ். நீயும் நீங்களும் அவளுக்கு ஒன்றுதான்.

பிலிப்பைன்ஸின் தென்கோடியில், படகையே வீடாகக் கொண்ட பஜாவோ குடும்பமொன்றில் பிறந்தவள். நோர்வேக் கப்பல் மெக்கானிக் ஒருவரைக் கட்டி இங்கே வந்தாள். பிறந்த தேதி தெரியாது. எங்களில் பலரைப் போல அவளுக்கும் படிவத்தில் ஜனவரி ஒன்று. தரை ஆடாமல் நின்றால் அவளுக்குத் தலை சுற்றும். பொறுக்க முடியாமல் புருஷன் தண்ணீர் மெத்தை வாங்கிப் போட்டாராம். "இப்ப எனக்கு நல்ல நித்திரை. அவருக்குத்தான் தலைச்சுத்தும் சத்தியும்."

புது அரிசிப் பை பிரித்தால் முதற்சோறு முன்னோருக்கு. படைத்துவிட்டுத் தானே உட்கார்ந்து சாப்பிடுவாள். "மணம் அவைக்கு, சோறு எனக்கு." முன்னோரை அவள் மொழியில் உம்போ என்பார்களாம், எங்களுக்காக அதை அப்பப்பா ஆக்கிவிட்டாள். எல்லோரிலும் பெரிய அப்பப்பா கடலுக்குள் இருக்கிறார். மீன் தருபவரும் அவர்தான், கோபம் வந்தால் காய்ச்சல் தருபவரும் அவர்தான். கடலில் மிளகாய் விழக் கூடாது, தேசிக்காய்ப் புளி விழக் கூடாது.

2006 ஜூலையில் சலவைப் பகுதியார் எல்லோரும் குடும்பத்தோடு குடாவிலுள்ள ஒரு தீவுக்குப் போனோம். சாப்பாடு முடிந்ததும் தங்கேஸ்வரி ஆட்டிறைச்சிச் சட்டியைக் கடலில் கழுவ இறங்குதுறையில் குனிந்தாள். இந்தான் ஓடி வந்து சட்டியைப் பறித்தாள்.

"மிளகாய்த்தூள் போடாதை! அப்பப்பாவுக்குக் கண் எரியும்!"

தங்கேஸ்வரியின் கணவர் அருட்பிரகாசம் கோயில் நிர்வாகசபையில் இருப்பவர். தெய்வ விஷயத்தில் தன்னைக் கேட்காமல் எவரும் கதைப்பது அவருக்குப் பிடிக்காது. "உம்மட அப்பப்பா நோர்வேக்கு எப்ப வந்தவர்? விசா இருக்கோ?" என்றவர், ஒரு பச்சைமிளகாயைக் கடித்து மீதியைக் கடலில் எறிந்தார். தன் பகிடிக்குத் தானே வாய்விட்டுச் சிரித்தார். மேல்வரிசைக் கட்டுப்பல் கழன்று, பலகையில் ஒருமுறை துள்ளி, தண்ணீருக்குள் போனது.

ஒருவரும் சிரிக்கவில்லை. மறுநாள் அவர்கள் மகள் வினோஜாவைப் பெண்பார்க்கப் பேர்கனிலிருந்து வருகிறார்கள். முன்னுக்கிருந்து கதைக்க வேண்டியவர் அவர். ஜூலையில் பல் வைத்தியர்கள் எல்லோரும் விடுமுறை. "ஐயோ, வாறவைக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்று தங்கேஸ்வரி பலகையிலேயே இருந்து அழத் தொடங்கினாள். அருட்பிரகாசம் வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். முதன்முறையாக அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

இந்தான் செருப்பைக் கழற்றினாள். தண்ணீரைத் தொட்டுத் தன் மொழியில் ஏதோ கேட்டாள். பிறகு உடுப்போடு, படி இறங்குவது போல இறங்கிப்போனாள். நான் மனதுக்குள் எண்ணினேன். நூறைத் தாண்டிவிட்டேன். தங்கேஸ்வரி பல்லை மறந்து "இந்தான்! இந்தான்!" என்று கத்தினாள்.

முதலில் ஒரு கை மேலே வந்தது. விரல்களுக்கிடையில் பல்வரிசை வெயிலில் பளிச்சிட்டது. அருட்பிரகாசம் எட்டிப் பிடிக்கப் போனார். அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"முதல் அவரிட்டைச் சொல்லு."

அவர் மனைவியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கடைசியில் முழங்காலில் நின்று, காற்றுப் போகிற வாயால் கடலைப் பார்த்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அப்பப்பா" என்றார்.

இந்தான் தலையைச் சாய்த்து ஒரு காதைத் தண்ணீரில் வைத்தாள். அவசரப்படாமல் கேட்டாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் பலமாக என்று கையை மேலே ஆட்டிக் காட்டினாள்.