அதிகாரிக்காகத் தெளித்த தண்ணீர்

அறுபதுகளில் குடுமியான்மலைப் பக்கம் ஜல்லி உடைக்கும் மெஷினில் நானும் என் தங்கையும் வேலை பார்த்தோம். நான் ஜல்லி அள்ளுவேன். அவள் மெஷின் வாயருகே நின்று கல் போடுவாள். தூசியெல்லாம் அவள் மேல்தான். அந்த வருஷம் அவளை இருமல் பிடித்துக்கொண்டது. மேஸ்திரியிடம் சொன்னால், "சளிதான், மிளகு ரசம் வச்சுக் குடு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தூசியை அளக்க மதராஸிலிருந்து ஒரு அதிகாரி வருகிறார் என்றதும், இனி மேஸ்திரி வாய் அடைத்துப்போகும் என்று சந்தோஷப்பட்டேன்.

அன்று காலை போய்ப் பார்த்தால், எங்கள் பெண்கள் ஊருணித் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்துவந்து மெஷினைச் சுற்றித் தெளித்து, கல் குவியலையும் நனைத்து, கோலமும் போட்டிருந்தார்கள். பெரிய மனுஷர் வந்தால் தெளித்துக் கோலம் போடுவதுதானே வழக்கம். ஈரக் கல்லில் தூசி எங்கே பறக்கும்? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது.

அதிகாரி, தங்கையின் மூக்குக்கு நேராக ஒரு கண்ணாடிக் குப்பியைப் பிடித்துக் கைப்பம்பைச் சுற்றினார். உள்ளே போகும் காற்றின் தூசி குப்பித் தண்ணீரில் தங்கிவிடுமாம். பிறகு ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "பெரிசா ஒண்ணும் இல்லையே" என்றார். மேஸ்திரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

நான் முந்திக்கொண்டேன். "சார், நீங்க வாரீங்கன்னு தண்ணி தெளிச்சுட்டாங்க. தெனமும் இப்படியா இருக்கு? இவ இருமுறதக் கேளுங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நாளைக்கும் வர்றேன். எனக்காக ஒண்ணும் செய்யாதீங்கம்மா" என்றார்.

சொன்னபடி வந்து, காய்ந்த கல்லில் அளந்தார். முதலாளியைக் கூப்பிட்டு நேற்றைய சொட்டையும் இன்றைய சொட்டையும் பார்க்கவைத்தார். பார்த்து முடித்த முதலாளி தன் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"தண்ணி பட்டா அடங்குதுன்னு இவங்களே காட்டிட்டாங்க. தினமும் தெளிக்க ஏற்பாடு பண்ணுங்க" என்றார் அதிகாரி. சீக்கிரமே மெஷின் வாய்க்கு மேலே ஓட்டை போட்ட குழாய் வந்தது. தங்கையையும் அங்கிருந்து மாற்றினார்கள்.

அவர் மறுநாள் வராமலே போயிருக்கலாம். யார் கேட்டிருப்பார்கள்?

தங்கையின் இருமல் முழுதாக விடவில்லை, முற்றவும் இல்லை. கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றாள். தாலாட்டும்போது பாதியில் நிறுத்தி மூச்சு வாங்குவாள். அடுப்படியில் நான் கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டுக் காத்திருப்பேன். அவள் மறுபடி பாட ஆரம்பித்ததும், பேர்கூடத் தெரியாத அந்த மனுஷர் நல்லா இருக்கணும் என்று வாய்விட்டே சொல்வேன்.