ரெண்டு குழாய்

காது பார்க்கப் போன இடத்தில், வெளியே கோயில் ஸ்பீக்கர்கள் அலறின. "ரெண்டு ஸ்பீக்கர் வச்சா சத்தம் ரெண்டு மடங்கா கேக்காதும்மா. மூளைக்குக் கொஞ்சம் கூடின மாதிரிதான் தெரியும்" என்றார் டாக்டர்.

எண்பதுகளில், திண்டிவனத்தில், பக்கத்து வீட்டுச் செல்வியின் மஞ்சள் நீராட்டுக்கு ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டினார்கள். தெரு முழுக்கப் பாட்டு. எனக்கு வயிறு எரிந்தது. என் முறை வந்தபோது பட்டினி கிடந்து, அப்பாவை ரெண்டு கட்டவைத்தேன். சந்தனமும் பச்சை ஓலையும் மணக்கும் பந்தலில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செல்வி சிரித்துக்கொண்டே வந்தாள். "ரெண்டா கட்டியிருக்கீங்க? எங்க வூட்டுது மாதிரியேதாண்டி கேட்டுக்கினு இருக்குது."

பொறாமையில் சொல்கிறாள் என்று இத்தனை வருடமும் நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தோஷத்தையும் இந்த டாக்டர் பிடுங்கிக்கொண்டார்.